மெட்டல் டிடெக்டர் வாங்கி பழைய நாணயம் தேடினா பணம் வருமா? ஒரு முழுக் கணக்கு



தங்கத்துல முதலீடு பத்தி நம்ம சேனல்ல போட்ட வீடியோவுக்குக் கீழ, சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துது. "அண்ணா, இங்கிலாந்துல ஒருத்தர் மெட்டல் டிடெக்டரை வெச்சு வயல்ல நடக்கறாரு, பீப் பீப்னு சத்தம் வருது, தோண்டினா ரோமானியக் காசு. நம்ம ஊர்லயும் ராஜாக்கள் ஆண்ட மண்ணுதானே? ஒரு மெஷின் வாங்கினா சைடு இன்கம் வருமா?"

சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா எங்க குடும்பத்துலயே இந்தக் கேள்விக்கு ஒருத்தர் பெரிய விலை கொடுத்திருக்கார். அதனால இதை முழுசா, கணக்கோட பார்த்துடலாம். வாங்க, பதிவுக்குள்ள போகலாம்.

எங்க அண்ணன் வாங்கிய "தங்கம் காட்டும் கருவி"

பெரியப்பா பையன். எனக்கு அண்ணன் முறை. விவசாயம், கூடவே ஒரு சின்ன மோட்டார் ரிப்பேர் கடை. ஊருக்கு வெளிய ஒரு பழைய மேடு இருக்கு. மழை பேஞ்சா பானை ஓடு, எப்பவாவது பச்சை பிடிச்ச செப்புக் காசு மேல வரும். சின்ன வயசுல நாங்களே பொறுக்கி விளையாடியிருக்கோம்.

ஒரு நாள் ஒரு ஆள் வந்து டெமோ காட்டினாராம். கைப்பிடி, அதுல ஒரு ஆண்டெனா கம்பி. "அம்பது மீட்டர் தூரத்துல, பத்தடி ஆழத்துல தங்கம் இருந்தாலும் கம்பி தானா அந்தப் பக்கம் திரும்பும்"னு சொல்லியிருக்கார். மண்ணுல மோதிரத்தைப் புதைச்சுக் காட்டினப்போ கம்பி சரியாத் திரும்புச்சாம். விலை 85,000 ரூபாய். அண்ணன் கையில அவ்வளவு பணம் இல்ல. அண்ணியோட வளையலை அடகு வெச்சு வாங்கிட்டார்.

மண்ணுல இருக்கோ இல்லையோன்னு தெரியாத தங்கத்துக்காக, வீட்டுல இருந்த தங்கம் வெளிய போச்சு. ஒன்பது மாசம் கழிச்சு நகையைத் திருப்பினப்போ, வருஷத்துக்கு 12 சதவீத வட்டிக் கணக்குல வட்டி மட்டும் 7,650 ரூபாய். கிடைச்ச காசு? ஒண்ணுமே இல்ல.

அண்ணன் முட்டாள் இல்ல. கணக்குல கெட்டிக்காரர். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வியை அவர் கேட்கல. மெஷினால என்ன முடியும்? கிடைச்சா அது யாருக்குச் சொந்தம்? சட்டப்படி கைக்கு எவ்வளவு வரும்? ஒண்ணொண்ணா பார்ப்போம்.

கேள்வி 1: மெஷினால என்ன முடியும்?

நிஜமான மெட்டல் டிடெக்டர்ல, கீழ வட்டமா இருக்கற தட்டுக்குள்ள கம்பிச் சுருள் இருக்கும். அதுல மாறு மின்னோட்டம் போகும்போது சுத்தி ஒரு காந்தப்புலம் உருவாகும். மண்ணுக்குள்ள உலோகம் இருந்தா அதுல சின்னச் சுழல் மின்னோட்டம் உண்டாகி, திரும்ப ஒரு பலவீனமான காந்தப்புலத்தைக் கொடுக்கும். இன்னொரு சுருள் அதைப் பிடிச்சு சத்தமா மாத்திக் கொடுக்கும். அவ்வளவுதான், மந்திரம் எதுவும் இல்ல.

இதிலேயே அதோட எல்லையும் தெரிஞ்சுடும். ஆழம் கூடக் கூட சிக்னல் ரொம்ப வேகமாக் குறையும். சாதாரண மெஷின்ல ஒத்தை நாணயம் தெரியறது ஒரு சாண் ஆழம், அதாவது 15 முதல் 25 சென்டிமீட்டர் வரைக்கும்தான். இரும்புத் தாது அதிகம் இருக்கற செம்மண்ல அதுவும் குறையும். தட்டு போகிற இடத்துக்கு நேர் கீழ இருக்கறது மட்டும்தான் தெரியும்; அம்பது மீட்டர் தள்ளி இருக்கறது தெரியாது.

இன்னொரு விஷயம். மெஷின் "இது சோழர் காசு"ன்னு சொல்லாது. மின்சாரம் எவ்வளவு நல்லாப் பாயுதுங்கறதை வெச்சு ஒரு நம்பர் காட்டும். குளிர்பான டப்பா மூடியில இருந்து பிச்சுப் போட்ட அலுமினிய வளையமும், சின்னத் தங்க மோதிரமும் கிட்டத்தட்ட ஒரே நம்பரைக் காட்டும். அதனால இந்தப் பொழுதுபோக்குல பல வருஷமா இருக்கறவங்களும் தோண்டி எடுக்கறதுல பெரும்பகுதி ஆணி, மூடி, ஈயத்துண்டு, அலுமினியத் தாள்தான்.

அப்ப அண்ணன் பார்த்த டெமோ? கம்பி தளர்வா சுத்தற மாதிரி இருந்தா, கையை ஒரு நூல் அளவு சாய்ச்சாலே திரும்பிடும். மோதிரம் எங்க இருக்குன்னு பிடிச்சிருக்கறவருக்குத் தெரிஞ்சிருந்தா போதும். அவரே அறியாம கூட கை சாயும்.

இதைக் கண்டுபிடிக்க செலவே இல்லாத ஒரு டெஸ்ட் இருக்கு. வரிசையா பத்துக் குழி வெட்டி, எல்லாத்தையும் ஒரே மாதிரி மூடுங்க. விக்கறவரைத் தெருமுனைக்கு அனுப்பிட்டு ஒரு குழியில மட்டும் மோதிரத்தை வைங்க. வெச்ச ஆளும் அங்க நிக்கக் கூடாது. இப்போ கண்டுபிடிக்கச் சொல்லுங்க. இப்படிப் பத்துத் தடவை. குருட்டாம்போக்குல சொன்னாலே சராசரியா ஒரு தடவை சரியாகும். நிஜமான கருவின்னா பத்துக்குப் பத்து வரணும். "இந்த டெஸ்ட்டுக்கு ஒத்துக்கமாட்டேன்"னு சொன்னா, அதுதான் உங்களுக்குப் பதில்.

இங்கிலாந்துல மட்டும் எப்படி லாபம்?

வீடியோல நீங்க பார்க்கறது பொய் இல்ல. ஆனா அங்க பணம் வர்றதுக்குக் காரணம் மெஷின் மட்டும் இல்ல, சட்டம்.

1992 நவம்பர்ல சஃபோக் பகுதியில ஹாக்ஸ்னே ஊர்ல ஒரு விவசாயி தன் சுத்தியலைத் தொலைச்சுட்டார். அதைத் தேடித் தரச் சொல்லி எரிக் லாஸ்ங்கற நண்பரைக் கூப்பிட்டார். லாஸ் டிடெக்டரோட போனார். கிடைச்சது ரோமானியப் பேரரசோட கடைசிக் காலத்துப் புதையல். சுமார் 15,000 தங்க, வெள்ளி நாணயங்கள், நகைகள், கரண்டிகள். அவர் செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா, முழுசையும் தோண்டாம நிறுத்திட்டு உடனே தகவல் கொடுத்தார். தொல்லியல் அறிஞர்கள் வந்து, பொருட்கள் பெட்டிக்குள்ள எப்படி அடுக்கியிருந்துதுங்கறது வரைக்கும் பதிவு செய்ய முடிஞ்சுது. அவருக்குக் கிடைச்ச வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. அதை அந்த விவசாயியோட பகிர்ந்துகிட்டார். சுத்தியலும் கிடைச்சுது, அது இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு!

அதுக்கப்புறம் வந்த 1996-ஆம் வருஷப் புதையல் சட்டம் விதிகளைத் தெளிவாக்குச்சு. 300 வருஷத்துக்கு மேல பழைய, 10 சதவீதமாவது தங்கம் அல்லது வெள்ளி கலந்த நாணயங்கள் ஒரே இடத்துல ரெண்டு அல்லது அதுக்கு மேல கிடைச்சா அது புதையல். 14 நாளுக்குள்ள அறிவிக்கணும். அருங்காட்சியகம் வாங்க விரும்பினா, ஒரு நிபுணர் குழு சந்தை விலையை மதிப்பிடும். அந்தத் தொகை பொதுவா கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பாதிப் பாதி. நிலத்துக்காரர் அனுமதி இல்லாம தேடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்கள்ல தனி அனுமதி இல்லாம டிடெக்டரோட கால் வைக்கவே கூடாது.

இப்போ நாணயத்தோட இன்னொரு பக்கம். 2015-ல ஹெரிஃபோர்ட்ஷயர் பகுதியில ரெண்டு பேர் டிடெக்டர் வெச்சு ஒரு வைக்கிங் காலப் புதையலைக் கண்டுபிடிச்சாங்க. சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும்னு கணிச்சாங்க. அறிவிக்காம ரகசியமா வித்தாங்க. 2019-ல தீர்ப்பு வந்தப்போ ஒருத்தருக்கு 10 வருஷம், இன்னொருத்தருக்கு எட்டரை வருஷம் சிறை. மேல்முறையீட்டுல குறைஞ்சாலும் ஜெயில் ஜெயில்தான். அப்போ மீட்கப்பட்டது 31 நாணயங்கள் மட்டும். ஒழுங்கா அறிவிச்சிருந்தா லட்சக்கணக்கான பவுண்டு சட்டப்படியே வந்திருக்கும்.

ரெண்டு கதையிலயும் மெஷின் ஒண்ணுதான், அதிர்ஷ்டமும் ஒண்ணுதான். வித்தியாசம், கிடைச்ச அடுத்த மணி நேரத்துல என்ன செஞ்சாங்கங்கறதுல இருக்கு.

கேள்வி 2: நம்ம நாட்டுல கிடைச்சா யாருக்குச் சொந்தம்?

நம்ம ஊர்ல ரெண்டு மூடநம்பிக்கை இருக்கு. ஒண்ணு, "கிடைச்சவனுக்குத்தான் சொந்தம்." இன்னொண்ணு, "சொன்னா கவர்மென்ட் எல்லாத்தையும் புடுங்கிக்கும், ஒரு பைசா தராது." ரெண்டுமே சரியில்லை.

இந்தியப் புதையல் சட்டம் 1878-ஆம் வருஷத்தது. இன்னைக்கும் இதுதான் அடிப்படை. அதோட சாரம் இது:

1. மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்து கிடைக்கற மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல்தான்.
2. அதோட மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட கலெக்டருக்கு எழுத்து மூலமா அறிவிக்கணும். என்ன கிடைச்சுது, எவ்வளவு, எங்க, என்னைக்கு. பொருளை அரசுக் கருவூலத்துல ஒப்படைக்கணும், இல்லேன்னா கலெக்டர் கேட்கற பிணையம் கொடுக்கணும்.
3. கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோரறவங்க ஆஜராக 4 முதல் 6 மாசம் வரை அவகாசம்.
4. நூறு வருஷத்துக்குள்ள தாங்களோ தங்க முன்னோரோ மறைச்சு வெச்சதுன்னு யாராவது உரிமை கோரினா, அது சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்.
5. யாரும் இல்லேன்னா "உரிமையாளர் இல்லாதது"ன்னு அறிவிப்பாங்க. நிலம் வேற ஒருத்தருடையது, உங்களுக்குள்ள தனி ஒப்பந்தமும் இல்லேன்னா, நாலுல மூணு பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு.
6. பிரிச்சுக் கொடுக்கறதுக்கு முன்னாடி அரசே அதை எடுத்துக்க விரும்பினா எடுத்துக்கலாம். அதுக்கு அந்த உலோகத்தோட மதிப்பும், அதுல ஐந்துல ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கணும்.
7. அறிவிக்காம மறைச்சா உங்க பங்கு அரசுக்குப் போயிடும். ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டுமே.

சில மாநிலங்கள் இதுல திருத்தங்கள் செஞ்சிருக்கு. அதனால உங்க விஷயத்துல நடவடிக்கை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்டயும் கேட்டுக்கங்க.

இதோட 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கணும். நூறு வருஷம் தாண்டின நாணயம் தொல்பொருள். அதை வாங்கி விக்கற தொழில் செய்ய லைசென்ஸ் வேணும். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பினா 6 மாசத்துக்குக் குறையாம 3 வருஷம் வரை சிறை. "ஆன்லைன்ல வெளிநாட்டு ஏலத்துல போட்டா டாலர்ல காசு"ன்னு யாராவது ஐடியா கொடுத்தா, ஜெயிலுக்குப் போறது அவர் இல்ல, நீங்க.

கேள்வி 3: கைக்கு எவ்வளவு வரும்?

எடுத்துக்காட்டு அ: இன்னொருத்தர் நிலத்துல 4 லட்ச ரூபாய் தங்க மதிப்புள்ள பழைய காசுகள் உங்களுக்குக் கிடைக்குது. முறைப்படி அறிவிக்கறீங்க. யாரும் உரிமை கோரல. அரசு எடுத்துக்குது.

- உலோக மதிப்பு: 4,00,000
- ஐந்துல ஒரு பங்கு கூடுதல்: 80,000
- மொத்தம்: 4,80,000
- உங்க பங்கு: 3,60,000
- நிலத்துக்காரர் பங்கு: 1,20,000

மோசம் இல்ல. ஆனா எடுத்துக்காட்டு ஆ பாருங்க. கிடைச்சது 3 கிராம் செப்புக் காசு ஒண்ணு. ஒரு கிலோ செம்பு 1,000 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, உலோக மதிப்பு 3 ரூபாய். கூடுதல் 60 பைசா. அந்தக் காசுல எந்த ராஜா பேர் இருந்தாலும் இந்தக் கணக்குல மாறாது.

இங்கதான் இங்கிலாந்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம். அங்க மதிப்பிடறது சேகரிப்பாளர் கொடுக்கற சந்தை விலை. இங்க சட்டம் சொல்றது உலோகத்தோட விலை. மண்ணுக்குள்ள நமக்கு அதிகம் கிடைக்கறது செம்பும் ஈயமும்தான். அப்போ தங்கப் புதையல் கிடைச்சாத்தான் வருமானம். அதை "திட்டம்"னு சொல்லக் கூடாது, லாட்டரின்னுதான் சொல்லணும்.

சட்டம் இப்படி இருக்கறது சரியான்னு நீங்க கேட்கலாம். என் கருத்து, இந்த விதி நேர்மையா இருக்கறவருக்குக் குறைவாத்தான் கொடுக்குது, மாத்தினா நல்லது. ஆனா மாறாத வரைக்கும் நம்ம கணக்கு இதை வெச்சுத்தான்.

சரி, செலவுப் பக்கம்? டிடெக்டருக்கு 30,000 ரூபாய், பெட்ரோல், சாப்பாடு, பேட்டரின்னு மாசம் 2,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். பத்து வருஷத்துல போட்ட பணம் 2,70,000. இதே பணத்தை வருஷம் 10 சதவீதம் வளர்ற ஒரு முதலீட்டுல போட்டிருந்தா, 30,000 சுமார் 78,000 ஆகியிருக்கும். மாசம் 2,000 சுமார் 4.10 லட்சம் ஆகியிருக்கும். மொத்தம் கிட்டத்தட்ட 4.88 லட்சம். 10 சதவீதம் உத்தரவாதம் இல்ல, ஒரு அனுமானம்தான். ஆனா மெஷினுக்கு அந்த அனுமானம் கூட கிடையாது.

"சொல்லாம வித்தா?"

இதைக் கேட்காதவங்க இல்ல. தப்புங்கறதை ஒரு நிமிஷம் தள்ளி வெச்சுட்டு வியாபாரமா மட்டும் பாருங்க. வாங்கறவருக்கு ஒரு விஷயம் தெளிவாத் தெரியும்: நீங்க போலீஸுக்குப் போக முடியாது. அதனால விலை அவர் சொல்றதுதான். பெரும்பாலும் பழைய உலோக விலைக்கும் கீழ. அப்புறம் உருக்கிடுவாங்க.

காசு உருகும்போது கூடவே இன்னொண்ணும் போகுது. கரூர் அமராவதி ஆத்துல கிடைச்ச காசுகள்ல "மாக்கோதை", "கொல்லிப்புறை"ன்னு தமிழ்ல பேர் பொறிச்ச சேரர் வெள்ளி நாணயங்கள் இருக்கு. சங்கப் பாட்டுல மட்டும் கேட்டுக்கிட்டிருந்த சேரர் வரலாற்றுக்கு அது கையில பிடிச்சுப் பார்க்கற ஆதாரம். அதுல ஒண்ணை உருக்கினா கிடைக்கறது ரெண்டு மூணு கிராம் வெள்ளி. எந்த மண் அடுக்குல, எதோட சேர்ந்து கிடந்துதுங்கறது தெரியாமப் போனா, காசு பிழைச்சாலும் அதோட கதை பாதி செத்துடும்.

தற்செயலா கிடைச்சா என்ன செய்யணும்?

தேடாமலே கிடைக்கறதுக்குத்தான் நம்ம ஊர்ல வாய்ப்பு அதிகம். 2020 பிப்ரவரியில திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்துல இடத்தைச் சுத்தம் செய்யத் தோண்டினப்போ ஒரு பாத்திரம் வந்துது. உள்ள 505 தங்க நாணயங்கள், எடை 1.716 கிலோ. எந்த டிடெக்டரும் இல்ல. வீட்டு அஸ்திவாரம், கிணறு, செப்டிக் டேங்க் தோண்டும்போது உங்களுக்கும் நடக்கலாம். அப்போ:

- உடனே தோண்டறதை நிறுத்துங்க. இருக்கற இடத்துலயே போட்டோ, வீடியோ எடுங்க.
- கழுவாதீங்க, புளி போட்டுத் தேய்க்காதீங்க. பச்சைப் படலம் போனா காசோட மதிப்பும் போகும்.
- வேலை செஞ்சவங்க பேரோட, தேதி, இடம், எண்ணிக்கை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. பின்னாடி வர்ற சண்டையில பாதி இதுலயே தீரும்.
- வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் சொல்லுங்க. ஆனா வாய்வார்த்தையோட விடாதீங்க. கலெக்டருக்கு எழுத்து மூலமா மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்க.
- பொருளை ஒப்படைக்கும்போது எண்ணிக்கை, எடை எழுதின ரசீது இல்லாம நகராதீங்க. உங்க பங்குக்கு அதுதான் ஆதாரம்.

வீட்டுப் பெட்டியில இருக்கற காசு?

பாட்டி பெட்டியில இருக்கற ராணி தலை, ராஜா தலை ரூபாய் மண்ணுல கிடைச்சது இல்ல. அது குடும்பச் சொத்து. 1940-க்கு முந்தின பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம், அதுல கிட்டத்தட்ட 92 சதவீதம் வெள்ளி. அதனால வெள்ளி விலைக்குக் கீழ எப்பவும் கொடுக்காதீங்க. 1940-க்குப் பிறகு வெள்ளி பாதியாக் குறைஞ்சுது, 1947-ல நிக்கலுக்கு மாறிடுச்சு. வருஷத்தைப் பார்த்துட்டுப் பேசுங்க.

"உங்க பழைய 5 ரூபாய்க்கு 10 லட்சம், முன்பணம் மட்டும் கட்டுங்க"ன்னு யாராவது கூப்பிட்டா போனை வெச்சுடுங்க. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி கமிஷன், வரின்னு கேட்கறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை கொடுத்திருக்கு. அவங்க இந்த வியாபாரத்துல இல்ல, யாரையும் நியமிக்கவும் இல்ல.

முடிவா

டிடெக்டர் நல்ல பொழுதுபோக்குக் கருவி. சொந்த நிலத்துல தொலைஞ்ச மோதிரத்தைத் தேட, புதைஞ்ச குழாயைக் கண்டுபிடிக்க உதவும். வருமானத்துக்கான கருவி இல்ல. சினிமாவுக்குச் செலவு பண்ற பணத்துல வாங்க முடிஞ்சா வாங்குங்க. கடன் வாங்கி, நகை வெச்சு வாங்காதீங்க. நாணயத்து மேல ஆசைன்னா சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் குழந்தைங்களோட போங்க.

எங்க அண்ணன் அந்தக் கருவியைப் பிரிச்சுப் பார்த்தார். மோட்டார் மெக்கானிக் ஆச்சே. உள்ள ஒரு பேட்டரி, ஒரு சின்ன விளக்கு. ஆண்டெனா கம்பிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவுல ஒரு ஒயர் கூட இல்ல. "வாங்கறதுக்கு முன்னாடி இதைத் தொறந்து பார்த்திருந்தா ரெண்டே ஸ்க்ரூடா"ன்னார். அண்ணியோட வளையல் இப்போ வீட்டுக்கு வந்துடுச்சு. அண்ணன் மாசா மாசம் 1,500 ரூபாய் ஆர்.டி. கட்டறார், அண்ணி பேர்ல.

எந்த முதலீடா இருந்தாலும் இதே மூணு கேள்விதான் நண்பர்களே. இது நிஜமாவே வேலை செய்யுதா? வர்றது யாருக்குச் சொந்தம்? என் கைக்கு எவ்வளவு? பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது இந்த மாதிரி மெஷின் வாங்கற யோசனையில இருந்தா, இந்தப் பதிவை இன்னைக்கே அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த பதிவுல நகைக் கடன் வட்டியைக் கணக்குப் போடறது எப்படின்னு பார்க்கலாம்.